குன்றிமணி தின்ற எலியும் நிலக்கரி தாரில் வந்த சாயமும்: மூளை செல்களை அடையாளம் காண வழி திறந்த பால் எர்லிக் யார்?

நெய்வேலியில் வளர்ந்து இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு லெக்கோ என்ற பெயர் நன்றாக ஞாபகம் இருக்கும். பழுப்பு நிலக்கரியைப் பொடியாக்கி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சூடாக்கி எடுத்த அடுப்புக்கரி அது. கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வீடு வராத காலத்தில் பல சமையலறைகளில் எரிந்தது இதுதான். கரியை இப்படிக் காற்றில்லாமல் சுடும்போது தாரும் பிரிந்து வரும். அதிலிருந்து கார்பாலிக் அமிலம், கிரெசால் போன்ற ரசாயனங்களையும் என்.எல்.சி. எடுத்து விற்றது.

இந்தக் கறுப்புத் தாருக்கும் மூளை ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கு. அதை இணைத்தவர் ஒரு ஜெர்மன் டாக்டர். இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் பால் எர்லிக்.

மூளைக் கட்டி என்று சந்தேகப்பட்டு பயாப்ஸி எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் ஜிஎஃப்ஏபி பாசிட்டிவ், நியூஎன் நெகட்டிவ் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். குறிப்பிட்ட மூளை செல்லில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை வைத்துச் செய்யும் டெஸ்ட் இது. எந்த வகைக் கட்டி, என்ன சிகிச்சை என்று முடிவு செய்ய டாக்டர்களுக்கு அந்த வரி வேண்டும். அந்த டெஸ்ட்டுக்குத் தேவை இரண்டே இரண்டு விஷயம்: குறி தவறாமல் ஒட்டும் ஆன்டிபாடி, கண்ணுக்குத் தெரிகிற சாயம். இரண்டுமே எர்லிக் கையில் இருந்தன. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் அவர் இல்லை.

தாரில் இருந்து கலர் எப்படி வந்தது?

1856ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயசுப் பையன் மலேரியாவுக்கான குயினைன் மருந்தை ஆய்வகத்திலேயே செய்துவிடலாம் என்று முயன்றான். தாரில் இருந்து கிடைக்கும் அனிலினை வைத்து விளையாடியதில் குயினைன் வரவில்லை, துணியில் ஒட்டினால் போகாத ஊதா நிறம் வந்தது. அதற்குப் பிறகு ஜெர்மனியில் சாயக் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. பி.ஏ.எஸ்.எஃப்., ஹெக்ஸ்ட் எல்லாம் அப்படி வளர்ந்தவைதான். 1876ல் பி.ஏ.எஸ்.எஃப்.பில் ஹைன்ரிக் காரோ மெத்திலீன் ப்ளூவைத் தயாரித்தார். இன்றைக்கும் அலங்கார மீன் விற்கும் கடையில் குட்டி பாட்டிலில் கிடைக்கும் அதே நீலம்.

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி, அவர்கள் சுட்டது கறுப்பு நிலக்கரி. தாரின் சேர்மானம் கொஞ்சம் வேறுபடும். ஆனால் கரியைச் சுட்டு தார் எடுத்து, தாரைக் காய்ச்சி ரசாயனம் பிரிக்கும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பரீட்சையில் தேறாத சாயக்காரர்

பெர்கின் ஊதாவைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் முன்பு, 1854 மார்ச் 14ல், பிரஷ்யாவின் சைலீஷியா பகுதியில் ஸ்ட்ரேலன் என்ற சின்ன ஊரில் எர்லிக் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். அப்பா இஸ்மார் விடுதி நடத்தியவர். அம்மா ரோஸாவின் சொந்தத்தில் கார்ல் வைகர்ட் என்று ஒருவர். எர்லிக்கைவிட ஒன்பது வயது மூத்தவர். பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம் என்று முதலில் காட்டியவர்களில் அவரும் ஒருவர். பையனுக்கு அந்தப் பித்து அங்கிருந்துதான் தொற்றியது.

மெடிக்கல் படிப்பு பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃப்ரைபர்க், லைப்சிக் என்று ஊர் ஊராக நடந்தது. ஸ்ட்ராஸ்பர்கில் உடற்கூறு பேராசிரியர் வில்ஹெல்ம் வால்டையர். இந்த மாணவனின் மேஜை முழுக்கக் கலர் கலராகக் கறை இருப்பதை அவர் கவனித்தார். திட்டவில்லை. தன் பாட்டுக்குச் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். நரம்பு செல்லுக்கு நியூரான் என்று 1891ல் பெயர் வைத்த வால்டையர் இவர்தான்.

இன்னொரு கதையும் உண்டு. பாக்டீரியா ஆராய்ச்சியில் பேர் வாங்கிய ராபர்ட் கோக் பிரெஸ்லாவுக்கு வந்தபோது, சாயம் போடுவதில் கெட்டிக்காரன், பரீட்சையில்தான் தேறமாட்டான் என்று எர்லிக்கை அறிமுகம் செய்து வைத்தார்களாம். பரீட்சையில் தேறிவிட்டார். 1878ல் லைப்சிக்கில் கொடுத்த டாக்டர் பட்ட ஆய்வேடு முழுக்கச் சாயத்தைப் பற்றித்தான்.

மற்றவர்களுக்குச் சாயம் என்பது ஸ்லைடை அழகாகக் காட்டும் ஒரு வசதி. எர்லிக் மட்டும் கேட்ட கேள்வி வேற. ஒரே துண்டுச் சதையில் இந்தச் சாயம் ஏன் இந்த செல்லில் மட்டும் ஒட்டுகிறது, பக்கத்து செல்லில் ஏன் ஒட்டவில்லை? சாய மூலக்கூறுக்கும் செல்லுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுக்கும் ரசாயனப் பொருத்தம் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. சாகும்வரை இந்த ஒரே எண்ணத்தைத்தான் அவர் வேறு வேறு துறைகளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் ரத்தப் பரிசோதனையிலும் இவர் இருக்கிறார்

1878ல் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் வேலை. தலைமை டாக்டர் ஃப்ரெரிக்ஸ் இவரை ஆய்வு செய்ய விட்டார். ரத்தத்தை ஸ்லைடில் தடவி, காயவைத்து, வெவ்வேறு சாயம் ஊற்றிப் பார்த்தார் எர்லிக். எல்லாம் ஒன்று போலத் தெரிந்த வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்தன. இயோசின் சாயத்தை இழுப்பவை இயோசினோபில், நடுநிலைச் சாயக் கலவையை இழுப்பவை நியூட்ரோபில், காரச் சாயத்தை இழுப்பவை பேசோபில். காய்ச்சல் என்று போனால் லேபில் எடுத்துத் தரும் டிஃபரன்ஷியல் கவுண்ட்டில் இந்தப் பெயர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

1882 மார்ச் 24, பெர்லின். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக கோக் அறிவித்த கூட்டத்தில் எர்லிக்கும் உட்கார்ந்திருந்தார். கோக் பயன்படுத்திய சாய முறை ரொம்ப நேரம் பிடிக்கும், தெளிவாகவும் தெரியாது. எர்லிக் உடனே அதைத் திருத்த உட்கார்ந்தார். அனிலின் கலந்த சாயம், பிறகு அமிலத்தில் கழுவல். மற்றதெல்லாம் வெளுத்துவிடும், காசநோய்க் கிருமி மட்டும் நிறத்தை விடாது. அனிலினுக்குப் பதிலாக கார்பாலிக் அமிலம் போட்டால் இன்னும் நல்லது என்று சீல் என்பவரும், அமிலத்தை மாற்றி நீல்சனும் மெருகேற்றினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் சளிப் பரிசோதனைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வரும் சீல்-நீல்சன் சாயம் அதுதான். நெய்வேலித் தாரில் இருந்து பிரித்த அதே கார்பாலிக் அமிலம் இங்கேயும் வருவதைக் கவனிக்கலாம்.

நரம்பில் நீலம், மூளையில் வெள்ளை

எர்லிக்கின் பெயர் மூளை ஆய்வில் நுழைவது இந்த இடத்தில்.

நரம்பு செல்லைப் பார்க்க அன்று இருந்த சிறந்த வழி, இத்தாலியின் கமில்லோ கோல்ஜி 1873ல் கண்டுபிடித்த வெள்ளி உப்பு முறை. செத்த மூளைத் துண்டில் ஊறவைத்தால் சில செல்கள் மட்டும் கிளையும் வேரும் தெரிய முழுக்கக் கறுப்பாகும். எந்த செல் கறுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லாட்டரி மாதிரி.

எர்லிக் 1880களின் நடுவில் உயிருள்ள விலங்கின் உடம்பிலேயே மெத்திலீன் ப்ளூவைச் செலுத்தினார். நரம்பு நுனிகள் நீலமாகத் தெரிந்தன. பக்கத்துத் தசையும் திசுவும் பெரிதாக நிறம் மாறவில்லை. உயிரோடு இருக்கும் நரம்பை மட்டும் தேடிப் பிடிக்கும் சாயம் இருக்கிறது என்று அதில் தெரிந்தது.

இதன் மதிப்பு பத்து வருஷம் கழித்து ஸ்பெயினில் தெரிந்தது. நரம்பு செல்லின் கிளைகளில் முள் முள்ளாகச் சின்னப் புடைப்புகள் இருப்பதாக சாந்தியாகோ ரமோன் இ காஹால் சொன்னபோது, அதெல்லாம் வெள்ளி உப்பு படிந்த பிசிறு என்று பலர் தள்ளிவிட்டார்கள். 1896ல் அவர் எர்லிக்கின் நீலத்தை எடுத்தார். அதே முட்கள், அதே இடத்தில். இரண்டு வேறு சாயம் ஒரே பொய்யைச் சொல்லாது அல்லவா. ஞாபகம், கற்றல் பற்றிய இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் சுற்றி வருவது அந்த முட்களைத்தான்.

எர்லிக் ஒரு இடத்தில் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். வேறு சில சாயங்களை விலங்கின் ரத்தத்தில் ஏற்றியபோது ஈரல், சிறுநீரகம் எல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் வெளுப்பாகவே நின்றது. 1885ல் இதை எழுதிய அவர், மூளைக்கு இந்தச் சாயங்கள் மேல் ஈர்ப்பு இல்லை என்று விளக்கம் கொடுத்தார். அவருக்கு எல்லாமே ரசாயனப் பொருத்தம்தான். அவரிடமே வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன் பின்னாளில் அதை உடைத்தார். சாயத்தை நேராக மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்தினார். மூளை நிறம் மாறியது, உடம்பு மாறவில்லை. அப்படியானால் மூளைக்குச் சாயம் பிடிக்காமல் இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. மூளைக்கட்டிக்கு மருந்து கொடுக்கும் டாக்டர்கள் இன்றுவரை மல்லுக்கட்டுவது அந்தத் தடுப்போடுதான்.

தன் சளியிலேயே கிருமி

1885ல் ஃப்ரெரிக்ஸ் இறந்தார். புதிய தலைமை டாக்டருக்கு எர்லிக்கின் சாயப் பைத்தியத்தில் ஆர்வம் இல்லை, வார்டு வேலைதான் முக்கியம். எர்லிக் நொந்துபோனார். 1888ல் தொடர்ந்து இருமல். சளியைத் தானே ஸ்லைடில் தடவிப் பார்த்தார். தான் திருத்திய சாயத்தில் தன் உடம்பின் காசநோய்க் கிருமியே தெரிந்தது.

வேலையை விட்டுவிட்டு மனைவி ஹெட்விக்குடன் எகிப்துக்குப் போனார். காய்ந்த வெயிலில் உடம்பு தேறும் என்பது அக்கால நம்பிக்கை. தேறவும் செய்தது. 1889ல் பெர்லின் திரும்பியபோது அவருக்கு 35 வயது, கையில் வேலை இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். ஹெட்விக் வசதியான வீட்டுப் பெண் என்பதால் குடும்பம் தாக்குப்பிடித்தது. சொந்தமாக ஒரு சின்ன ஆய்வகம் வைத்துக்கொண்டு எலிகளோடு உட்கார்ந்தார்.

குன்றிமணியும் ஆமணக்கும் கற்றுக்கொடுத்த பாடம்

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிற குன்றிமணி தெரியும்தானே? சிவப்பு உடம்பு, கறுப்புப் பொட்டு. தட்டான்கள் பொன் நிறுத்ததும் அதில்தான். அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கொடிய விஷம். விளக்கெண்ணெய் தரும் ஆமணக்கு விதையில் ரிசின் என்று இன்னொரு விஷம். எண்ணெயில் அது வராது, புண்ணாக்கில் தங்கிவிடும். எர்லிக் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது நம்ம ஊர் வேலியோரத்தில் முளைக்கும் இந்த இரண்டு விதைகளின் விஷத்தைத்தான்.

சுண்டெலிகளுக்கு மிக மிகக் குறைந்த அளவு ரிசின் கலந்த தீனி கொடுத்தார். நாளாக ஆக அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். சில நாள் கழித்து, சாதாரண எலியைக் கொல்லும் அளவைப் போலப் பல மடங்கு கொடுத்தும் அந்த எலிகள் சாகவில்லை. குன்றிமணி விஷத்திலும் இதே கதை.

அடுத்து செய்ததுதான் முக்கியம். ரிசினைத் தாங்கப் பழகிய எலிக்கு அப்ரினைக் கொடுத்தார். எலி செத்தது. அப்ரினுக்குப் பழகிய எலியை ரிசின் கொன்றது. இரண்டு விஷமும் உடம்பில் செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்று, இரண்டும் விதையில் இருக்கும் புரதம். ஆனாலும் எலியின் ரத்தம் இதையும் அதையும் பிரித்து அறிகிறது. ரத்தத்தில் உருவாகும் ஏதோ ஒன்று தன் இலக்கை மட்டும்தான் பிடிக்கும், அதன் ஜாடையில் இருப்பதைக்கூடத் தொடாது.

1891ல் இந்த ஆய்வை எழுதும்போது அந்த ஏதோ ஒன்றுக்கு ஜெர்மன் மொழியில் ஆன்டிகெர்பர் என்ற சொல்லை எர்லிக் பயன்படுத்தினார். கொரோனா காலத்தில் டிவியைத் திறந்தாலே கேட்ட ஆன்டிபாடி என்ற சொல்லின் மூலம் அதுதான். அவருடைய குரு வால்டையர் நியூரான் என்று பெயர் வைத்ததும் அதே வருஷம் என்பது ஒரு தற்செயல்.

தாய் எலிக்கு எதிர்ப்பு இருந்தால் பால் குடிக்கும் குட்டிக்கும் அது போகிறது என்பதையும் அவர் காட்டினார். வேறு தாயின் பாலைக் குடிக்க வைத்துக் குட்டிகளை மாற்றிப் போட்டு நிரூபித்தார். தாய்ப்பாலின் அருமையைச் சொல்லும் விளம்பரங்களுக்குப் பின்னால் இந்த எலிக்குட்டிகளும் இருக்கின்றன.

புகழ், சண்டை, 606

1891ல் கோக் தன் புதிய ஆய்வு நிலையத்தில் இடம் கொடுத்தார். அங்கே எமில் ஃபான் பேரிங் தொண்டை அடைப்பான் நோய்க்கு சீரம் தயாரித்துக்கொண்டிருந்தார். சீரம் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. அதன் வலிமையை அளந்து அலகு வைத்து, நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்தாக மாற்றியது எர்லிக். 1901ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்கு மட்டும் போனது. நட்பு கசந்தது. எர்லிக்குக்கு நோபல் 1908ல்தான் வந்தது, ரஷ்யரான மெச்னிகாஃபோடு சேர்த்து.

1897ல் ஆன்டிபாடி எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு கொள்கை எழுதினார். செல்லின் மேல் பக்கவாட்டில் கொக்கி மாதிரி பகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு இலக்குக்கே பொருந்தும், பூட்டுக்குச் சாவி போல. விஷம் வந்து மாட்டினால் செல் அதே கொக்கியை ஏராளமாகச் செய்து ரத்தத்தில் விடுகிறது. விவரங்களில் நிறையத் தப்பு. அடிப்படை சரி.

அவர் வேலை செய்த விதம் வேடிக்கையாக இருக்கும். வாயில் எப்போதும் சுருட்டு. உதவியாளர்களுக்கு அன்றைய வேலையைக் கலர் பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அறை முழுக்கப் புத்தகக் குவியல், உட்கார இடம் கிடைக்காது.

சாயம் கிருமியில் மட்டும் ஒட்டும் என்றால், ஒட்டும் இடத்தில் விஷத்தையும் சேர்த்து அனுப்பினால் கிருமி மட்டும் சாகுமே என்பது அவருடைய அடுத்த கணக்கு. 1891லேயே மெத்திலீன் ப்ளூவை மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். பிராங்க்பர்ட்டில் ஆர்சனிக் கலந்த நூற்றுக்கணக்கான ரசாயனங்களை வரிசை எண் போட்டு சோதித்தார்கள். 606ஆவது, ஜப்பானில் இருந்து வந்த சஹாச்சிரோ ஹடாவின் கையில் 1909ல் சிஃபிலிஸ் கிருமியைக் கொன்றது. சால்வர்சன் என்ற பெயரில் 1910ல் மருந்துக் கடைக்கு வந்தது. உலகப் புகழ் அதில்தான். கூடவே பக்கவிளைவு, அவதூறு, கோர்ட் கேஸ் என்று நிம்மதியும் போனது.

1915 ஆகஸ்ட் 20ல் பாத் ஹோம்பர்கில் காலமானார். வயது 61. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது.

கையில் இருந்தும் சேராத இரண்டு

1882லேயே எர்லிக் ஃப்ளோரசீன் என்ற சாயத்தை விலங்கின் உடம்பில் செலுத்தி, கண்ணுக்குள் திரவம் எப்படி ஓடுகிறது என்று பார்த்திருக்கிறார். வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும் சாயம் அது. ஒன்பது வருஷம் கழித்து, இலக்கைத் தவிர வேறெதையும் பிடிக்காத ஆன்டிபாடியும் கையில் வந்தது. அதன் முதுகில் இதைக் கட்டிவிட்டால்? செல்லுக்கு செல் அடையாளம் கண்டுவிடலாம்.

அவர் ஏன் செய்யவில்லை என்று குறை சொல்வதற்கில்லை. ஆன்டிபாடி என்பது ஒரு புரதம் என்பதே அன்று உறுதியாகத் தெரியாது. அதைச் சுத்தமாகப் பிரிக்கவும் வழி இல்லை. புரதத்தைக் கெடுக்காமல் அதன் மேல் சாயத்தைக் கட்டும் ரசாயனமும் பிறகுதான் வந்தது.

1939 கோடை. ஆல்பர்ட் கூன்ஸ் என்ற இளம் அமெரிக்க டாக்டர் விடுமுறைக்குப் போயிருந்தார். ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தில் வரும் முடிச்சுகளுக்குள் கிருமியின் துணுக்கு இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் தோன்றியது: ஆன்டிபாடிக்குச் சாயம் கட்டி அனுப்பினால் அது போய் உட்கார்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்கலாமே. அவர் இருந்த ஊர் பெர்லின். எர்லிக் ஃப்ளோரசீனையும் எலிகளையும் வைத்து வேலை செய்த அதே ஊர்.

அந்த பெர்லினில் அப்போது எர்லிக் பேரைச் சொல்ல முடியாது. யூதர் என்பதால் பிராங்க்பர்ட்டில் அவர் பெயர் வைத்த தெருவில் இருந்தே பெயரை நாஜி அரசு எடுத்துவிட்டது. வயதான ஹெட்விக் நாட்டை விட்டு வெளியேறி, சுவிட்சர்லாந்து வழியாகக் கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

ஹார்வர்டு திரும்பிய கூன்ஸ் முதலில் கட்டிப் பார்த்தது ஆந்த்ரசீன் குடும்பத்துச் சாயம். நிலக்கரி தாரில் கிடைப்பதுதான். அது நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் திசுவும் தானாகவே கொஞ்சம் நீலமாக ஒளிரும் என்பதால் குழப்பம். 1942ல் ஃப்ளோரசீனுக்கு மாறினார். பச்சை பளிச்சென்று தெரிந்தது.

இன்று மூளை செல்லை எப்படிப் பிரிக்கிறார்கள்?

மூளைத் துண்டை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் வைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் ஒட்டுவார்கள். அதன் மேல் முதல் ஆன்டிபாடி. அது தன் இலக்கில் ஒட்டும், மிச்சத்தைக் கழுவிவிடுவார்கள். பிறகு இரண்டாவது ஆன்டிபாடி. இது முதல் ஆன்டிபாடியையே பிடிக்கும், முதுகில் சாயமோ, நிறம் உண்டாக்கும் என்சைமோ இருக்கும். ஆய்வகத்தில் பச்சை, சிவப்பு என்று ஒளிர வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் பிரவுன் நிறம். ஒரே மாதிரி ஆன்டிபாடியை எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கும் வழியை 1975ல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த பிறகுதான் இது எங்கும் பரவியது.

ஜிஎஃப்ஏபி ஆன்டிபாடி, நரம்பு செல்லைத் தாங்கிப் பராமரிக்கும் ஆஸ்ட்ரோசைட்டைப் பிடிக்கும். க்ளையோமா வகைக் கட்டிகளை அடையாளம் காண இது உதவும். டோபமின் தயாரிக்கும் செல்லைப் பிடிக்க வேறு ஆன்டிபாடி இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் அந்த செல்கள் எவ்வளவு அழிந்தன என்று எண்ணுவது அதை வைத்துத்தான். நியூரானைப் பிடிக்கும் நியூஎன் ஆன்டிபாடி 1992ல் வந்தது. எலிக்கு மூளை செல்லின் உட்கருவைச் செலுத்தி, அதன் உடம்பு தயாரித்த ஆன்டிபாடிகளில் இருந்து பொறுக்கி எடுத்தார்கள். எர்லிக்கின் எலிக்குக் கிடைத்தது ஆமணக்கு, இந்த எலிக்கு மூளை. முறை அதே முறை.

மனித மூளையில் 8,600 கோடி நியூரான் இருப்பதாக அடிக்கடி படிக்கிறோம். அந்த எண்ணும் இப்படி வந்ததுதான். 2009ல் பிரேசில் ஆய்வாளர்கள் நான்கு ஆண்களின் மூளையைக் கரைத்துச் சீரான கலவையாக்கி, நியூஎன் ஒட்டிய உட்கருக்களை மட்டும் எண்ணிக் கணக்குப் போட்டார்கள்.

நம்ம பக்கத்திலும் சாயமேற்றும் வேலை பெரிய அளவில் நடக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவில் இருக்கும் சிசுவின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. தரணி என்று பெயர். 5,132 மூளைச் சீவல்கள். சீவி, சாயம் ஏற்றி, படம் பிடித்து, யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆன்டிபாடி எல்லா நேரமும் சொன்ன பேச்சு கேட்கும் என்று நினைக்க வேண்டாம். சில ஆன்டிபாடி வேறு இலக்கிலும் ஒட்டும். சிலது தொழிற்சாலையில் இருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் ஒரே ஆன்டிபாடியை நம்பி ரிப்போர்ட் எழுதாமல் மூன்று நான்கு போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு வேறு சாயத்தால் காஹால் சரிபார்த்த அதே முறைதான்.

நியூரான்களை எல்லாம் காட்டிக்கொடுக்கும் என்று பேர் வாங்கிய நியூஎன்னும் சில நியூரான்களை விட்டுவிடுகிறது. சிறுமூளையில் இருக்கும் பர்கின்ஜி செல்கள் அதில் முக்கியமானவை. மைக்ராஸ்கோப்பில் தேடவே வேண்டாத அளவு பெரிய செல்கள், கிளை விரித்த மரம் மாதிரி. சுற்றி இருக்கும் சின்னச் சின்ன நியூரான் எல்லாம் நிறம் மாறும், இவை மட்டும் வெறுமையாக நிற்கும். அவற்றை 1837ல் முதலில் விவரித்த யான் பர்கின்ஜி அப்போது பேராசிரியராக இருந்தது பிரெஸ்லாவில். ஒரு தலைமுறை கழித்து எர்லிக் விரல் முழுக்கச் சாயத்தோடு மெடிக்கல் படித்த ஊர்.